பீரோ மேல் ஒரு சத்தியவான்

உலகத்தில் பொய்யே சொல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது மஞ்சூருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் அலுவலகத்தில், இரும்பு பீரோவின் தலைமேல், பூப்போட்ட பிளாஸ்டிக் உறை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் டி.வி.ஆர். எட்டுக் கேமராக்கள் பார்ப்பதையெல்லாம் வாங்கிப் பதிவு செய்துகொள்ளும் பெட்டி. வயது பன்னிரண்டு. மனிதர்களில் அது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. பெட்டிகளில் அது காது மந்தமாகி, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் பருவம்.

இந்தச் சத்தியவானுக்குப் பணிவிடை செய்யும் பாக்கியம் பெரிய கிளார்க் சுரேந்திரனுக்கு வாய்த்திருந்தது. 'கண்காணிப்புத் தொழில்நுட்பப் பொறுப்பாளர்' என்று அவருக்கு ஒரு கூடுதல் பதவி. தகுதி: பெட்டியின் கடவுச்சொல் அவருக்குத் தெரியும். அது பெட்டியின் முன்பக்கமே ஒரு துண்டுச் சீட்டில் ஒட்டியிருந்தது என்பது தகுதியைக் குறைக்காது. பணி: தூசி தட்டுவது, ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது. இந்த இரண்டிலும் அவர் ஒரு குறை வைத்ததில்லை.

பெட்டியோடு வந்த திரை இரண்டு வருடம் முன்பு கண்ணை மூடிவிட்டது. அதனால் சத்தியவான் கண்டதைக் காண ஒரே வழி, மேனேஜர் கீர்த்திவாசனின் கைப்பேசி. பங்களாவில் இருந்தபடியே எட்டுக் கட்டங்களில் எஸ்டேட்டைப் பார்ப்பார். வேலியோரம் யாராவது ஒரு கட்டு விறகு தூக்கினால் அடுத்த ஐந்தாவது நிமிடம் அலுவலகத்தில் போன் அடிக்கும். அந்த விஷயத்தில் இணைப்பு ஒரு நாளும் துண்டிக்கப்பட்டதில்லை.

இந்த வருடம் ஆயுதபூஜை முடிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அன்னக்கிளி விழுந்தாள்.

இலை எடைபோடும் ஷெட்டுக்கு ஏறும் மரப்படி. அது உளுத்துப் போயிருக்கிறது என்று பெண்கள் மூன்று முறை மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று மனுவையும் சுரேந்திரன் துளை போட்டு நூல் கோத்து மிக அழகாகக் கோப்பில் சேர்த்திருந்தார். படிக்கு மட்டும் அந்தக் கோப்பைப் படிக்கத் தெரியவில்லை. முதுகில் இலைமூட்டையோடு அன்னக்கிளி கால் வைத்ததும் இரண்டாக முறிந்தது. அவளுடைய வலது மணிக்கட்டும் கூடவே முறிந்தது.

சுரேந்திரன் அப்போது டீ டம்ளருடன் அலுவலக ஜன்னலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் அவர் கண்களில் பதிவு வசதி இல்லை.

மூன்றாம் நாள் கையில் மாவுக்கட்டோடு அன்னக்கிளி வந்தாள். மேனேஜர் அவளைக் கருணையோடு பார்த்தார்.

"காலைல லைன்ல தண்ணி பிடிக்கப் போய் வழுக்கி விழுந்துட்டதா ரிப்போர்ட் வந்திருக்கேம்மா."

"யாருங்க சொன்னது தொரை? ஷெட்டுல இருபது பேர் பாத்தாங்க. கூப்பிட்டுக் கேளுங்க."

"இருபது பேரு, நாப்பது கண்ணு. ஒண்ணுக்காவது ரீப்ளே இருக்கா? மனுஷன் மறப்பான், சொந்தக்காரிக்காகப் பேசுவான். மெஷின் பேசாது. மூணாம் நம்பர் கேமரா ஷெட்டைத்தான் பாக்குது. அது சொல்லட்டும், நான் கையெழுத்துப் போடறேன்."

இதைவிட நியாயமாக ஒரு மேனேஜர் பேச முடியாது. பேசிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். எட்டுக் கட்டங்களும் கறுப்பு. நடுவில் மூன்று சொல்: 'சாதனம் இணைப்பில் இல்லை.'

அன்னக்கிளிக்கு அவசரம் இருந்தது. வேலையில் பட்ட அடி என்று பதிவானால் அது விடுப்பு. பதிவாகாவிட்டால் அவள் சொல்லாமல் நின்றவள். இருபத்தொரு நாள் சொல்லாமல் நின்றவர் பெயரை வெட்டிவிடலாம் என்பது அந்த எஸ்டேட்டின் விதி. பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். வீட்டுக்குள் கிழவி சின்னம்மை, அவளைப் பெற்றவள், இருமிக்கொண்டு படுத்திருந்தாள்.

நிர்வாகத்துக்கு அவசரம் இல்லை. அது முறைப்படி நடந்தது. 'இணைப்புக் கோளாறு ஆய்வுக் குழு' அன்றைக்கே உருவானது. தலைவர்: மேனேஜர். செயலாளர்: சுரேந்திரன். உறுப்பினர்: காலியிடம்.

முதல் கூட்டத்தில் பெட்டியை அணைத்துப் போடுவது என்று முடிவாயிற்று. அணைத்துப் போட்டார்கள். இரண்டாம் கூட்டத்தில், முதல் முறை அணைத்தபோது போதிய நேரம் காத்திருக்கவில்லை என்று கண்டறியப்பட்டது. ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்தார்கள். மூன்றாம் கூட்டம் மழையைக் குற்றவாளியாக்கியது. அடுத்த கூட்டம் குரங்கைக் குற்றவாளியாக்கியது. கம்பத்தில் முதுகு சொறிந்த காட்டெருமை ஒன்று சந்தேகத்தின் பலனில் விடுவிக்கப்பட்டது. கேபிளைச் செருகும் துவாரத்தை யாராவது பார்த்தார்களா என்று கேட்கக் கூடாது. அது பெட்டியின் முதுகில் இருக்கிறது. சத்தியவானின் முதுகை எட்டிப் பார்ப்பது மரியாதை அல்ல.

நான்காம் தீர்மானம் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. மேனேஜர் சொல்லச் சொல்ல சுரேந்திரனே எழுதினார்: "இவ்விஷயத்தில் மேற்படி இயந்திரம் காட்டும் காட்சி, தேதி அனைத்தும் இறுதியானவை. எந்த மனிதச் சாட்சியும் அதற்கு மேல் செல்லாது." அதன் நகல் ஒன்றை அன்னக்கிளியிடமும் கொடுத்து இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். வலது கைதான் மாவுக்கட்டில் இருந்ததே.

அவள் தினமும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கிளார்க்கய்யா, பொட்டி பேசுச்சுங்களா?"

"இன்னும் இல்லம்மா. முயற்சி நடக்குது."

"நீங்க பேசலாமில்லீங்க. ஜன்னல்ல நின்னீங்களே."

சுரேந்திரன் பெட்டியின் உறையைச் சரிசெய்தார். "நான் கமிட்டி செகரட்டரிம்மா. நான் ஒரு பக்கம் சாயக்கூடாது."

பத்தொன்பதாம் நாள் குன்னூரிலிருந்து மெக்கானிக் ஃபாரூக் வந்தான். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட, கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தான். பைக்குள்ளிருந்து டார்ச்சை எடுத்து, பெட்டியைத் திருப்பி, முதுகைப் பார்த்தான்.

"ஏனுங்க சார், இந்த ஓட்டைக்குள்ள என்னத்தை ஊட்டி விட்டீங்க?"

"என்ன பாய்?"

"சந்தனம்ங்க. நெட் கேபிள் போற ஓட்டைல நல்லா அப்பி, காஞ்சு, கல்லாட்டம் நிக்குது. இதோ, ஒரு பொரி கூட இருக்கு. பூஜை முன்னாடி பண்ணாப் பத்தாதுங்களா? முதுகுக்கும் பண்ணுவீங்களா?"

"நாலு பக்கமும் வைக்கிறதுதான் முறை" என்றார் சுரேந்திரன், கம்பீரமாக.

ஃபாரூக் ஊசியால் குடைந்து, ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்து, கேபிளைச் செருகினான். பதினாறு நாள், ஆறு கூட்டம், ஒன்பது பக்க அறிக்கை சாதிக்காததை ஒரு ஊசி சாதித்தது. மேனேஜர் தகவல் கேட்டு பங்களாவிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். கைப்பேசியில் எட்டுக் கட்டங்களும் விழித்தன.

"பழசு இருக்குமா?"

"ஒரு மாசத்துது தங்கியிருக்கும் சார். தேடித்தான் எடுக்கணும்" என்றான் ஃபாரூக். கைப்பேசியை வாங்கி முன்னும் பின்னும் ஓட்டினான். பெஞ்சிலிருந்து எழுந்து வந்த அன்னக்கிளி, அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

கிடைத்தது. வெயில் பளிச்சென்று விழுந்த ஷெட். மூட்டையோடு ஒரு பெண். படி முறிகிறது. அவள் சாய்கிறாள். மற்றப் பெண்கள் ஓடி வருகிறார்கள். ஃபாரூக் அங்கேயே நிறுத்தினான். காட்சியின் ஓரத்தில், அலுவலக ஜன்னலில், டீ டம்ளரோடு ஒரு ஆள்.

"டீ ஆறிப்போச்சுங்களா கிளார்க்கய்யா?" என்றாள் அன்னக்கிளி.

சுரேந்திரன் தன் உருவத்தை முதன்முதலாகக் கேமராவில் பார்த்தார். கொஞ்சம் தொப்பையாகத் தெரிந்தது.

மேனேஜர் காட்சியைப் பார்க்கவில்லை. மேல் மூலையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"தேதியைப் படிங்க சுரேந்திரன்."

"ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரம், சார்."

"சார், அது உள்ளே இருக்கற காசு சைஸ் பேட்டரி செத்துப் போச்சுங்க" என்று ஃபாரூக் குறுக்கிட்டான். "கரண்ட் போய் வந்தாலே ரெண்டாயிரம் ஜனவரி ஒண்ணுக்குப் போயிடும். ஆறு வருஷமா சர்வீஸ் சீட்டுல எழுதி வச்சுட்டுத்தான் போறேன்."

அந்தச் சீட்டுகளும் துளை போட்டு நூல் கோக்கப்பட்டிருந்தன.

"பாய், நீங்க டெக்னிகல் ஆளு. இது நிர்வாக விஷயம்" என்றார் மேனேஜர். "தீர்மானம் நாலு. இயந்திரம் காட்டற தேதி இறுதியானது. எழுதுங்க சுரேந்திரன். சம்பவம் நடந்தது உண்மை. நடந்த தேதி ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரம். அன்னக்கிளி வேலைக்குச் சேர்ந்தது ரெண்டாயிரத்து எட்டு. ஆகவே சம்பவத்தன்னிக்கு இவங்க நம்ம தொழிலாளி இல்லை. முடிஞ்சுது."

சுரேந்திரனுக்கு உடம்பு புல்லரித்தது. உளுத்த படி, உடைந்த கை, இருபது சாட்சி எல்லாவற்றையும் ஒரே வரியில் கடந்து போகும் அறிவு மலையில் எத்தனை பேருக்கு உண்டு? பேனாவைத் திறந்தார்.

"நல்லதுங்க தொரை" என்றாள் அன்னக்கிளி. "அந்தத் தேதியே இருக்கட்டும்."

மேனேஜர் நிமிர்ந்தார்.

"அன்னிக்கும் நான் இங்கதானுங்க இலை கிள்ளினேன். பன்னெண்டு வயசு. அம்மாவுக்குக் கை வீங்கி, பதினெட்டு கிலோவுக்கு மேல ஓடாது. நான் அம்மா பேர்ல கிள்ளுவேன். ரெண்டாயிரமாவது வருசம் பொறந்திருக்குன்னு பழைய தொரை அன்னிக்கு எல்லாருக்கும் ஒரு துண்டு கேக் குடுத்தாங்க. பேர் எழுதின ஆளுக்குத்தான்னு சொல்லி எனக்கு மட்டும் இல்லைன்னுட்டாங்க. அதுனால நாள் மறக்கலீங்க."

"இதுக்கெல்லாம் என்னம்மா ரெக்கார்டு?"

"எடை ரிஜிஸ்டர் இருக்குமில்லீங்க. சின்னம்மை, நாப்பத்திரண்டு கிலோ. பக்கத்துல 'மகளுடன்'னு பென்சில்ல எழுதியிருக்கும். அப்ப சின்ன கிளார்க்கா இருந்தது நம்ம கிளார்க்கய்யாதான். கேக்கு வெட்டினதும் அவங்கதான்."

எல்லோரும் பீரோவைப் பார்த்தார்கள். சத்தியவானுக்குக் கீழே, இரும்புக் கதவுக்குப் பின்னால், பழைய எடை ரிஜிஸ்டர்கள் வருடவாரியாக அடுக்கியிருந்தன. சாவி சுரேந்திரன் இடுப்பில் இருந்தது. அவர் அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"தீர்மானம் நாலு" என்று அன்னக்கிளி தன் நகலை இடது கையால் மேசைமேல் வைத்தாள். "தேதி இறுதியானதுன்னு இதுல இருக்குங்களே. அப்ப பன்னெண்டு வயசுப் புள்ள உங்க ஷெட்டுல விழுந்து கை ஒடிச்சுக்கிச்சு. அப்படியே எழுதிக் குடுங்க. நான் ஊட்டில லேபர் ஆபீஸ்ல குடுத்துக்கறேன்."

மேனேஜர் கைப்பேசியைத் திரும்ப வாங்கித் திரையை அணைத்தார்.

"சுரேந்திரன்."

"சார்."

"ஒரு மெஷின் சொல்ற தேதியைக் கண்ணை மூடிட்டு நம்பறது சயின்டிஃபிக் இல்ல. பாய், அந்தப் பேட்டரி எப்போ கிடைக்கும்?"

ஃபாரூக் சட்டைப் பையில் கைவிட்டான். "ஆறு வருஷமா பையிலயே வச்சுட்டுத்தான் சார் வர்றேன். இப்பத்தான் கேட்டிருக்கீங்க."

ஆறு வருடம் நின்றிருந்த காலம் ஆறு நிமிடத்தில் ஓடத் தொடங்கியது. நான்காம் தீர்மானம் ரத்தானது. விபத்து இந்த வருடம், இந்த மாதம், வேலை நேரத்தில் நடந்தது என்று நிர்வாகம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. அன்னக்கிளியின் பெயர் நின்றது, வீடும் நின்றது. பீரோ பூட்டியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஜீப்பில் ஏறினார்.

சுரேந்திரன் விபத்துப் பதிவேட்டைப் பிரித்தார். அன்னக்கிளி மேசை எதிரில் நின்றாள்.

"இந்தத் தடவை பென்சில்ல எழுதாதீங்க கிளார்க்கய்யா."

பெயர் எழுதினார். தேதி எழுதினார். இடம் எழுதினார். கடைசிக் கட்டம்: 'சம்பவத்தை நேரில் பார்த்தவர்.' சுரேந்திரன் ஜன்னலைப் பார்த்தார். மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தார். நீண்ட யோசனைக்குப் பிறகு, இருபத்தைந்து வருடமாக மாறாத அதே சாய்ந்த கையெழுத்தில், இந்த முறை பேனாவால், அழுத்தி எழுதினார்:

"கேமரா எண் 3."