உன் அப்பா தையல் மெஷின் வாங்கிய விவரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உடம்புக்கு மேலே இருப்பதுதான் பிரச்சினை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா எந்நேரமும் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றியே நிற்கிறார். அதனால் கடிதம். பொறுமையாகப் படி, கடைசியில் உன்னிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன்.

அப்பா அந்த ரெடிமேட் கம்பெனியில் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் நாம் எல்லோருமே "டிசைன் செக்‌ஷன்ல பெரிய ஆபீசர்" என்று சொல்லிச் சமாளித்தோம். உண்மையில் அவர் வேலை, ஒவ்வொரு சீசனுக்கும் துணியின் நிறத்துக்குப் பெயர் வைப்பது. ஒரு வருஷம் 'காய்ந்த சருகு', அடுத்த வருஷம் 'சுட்ட பாதாம்', அதற்கும் அடுத்த வருஷம் 'பழைய கடிதம்'. எனக்கு எல்லாம் பழுப்பாகத்தான் தெரிந்தது. கேட்டால், "பழுப்புதான், ஆனா போன வருஷப் பழுப்ப இந்த வருஷம் யாரும் போட மாட்டாங்க" என்பார். அப்படிப் பேசிய மனிதர்தான் சென்ற மாதம் ஒரு மத்தியான வேளையில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?" என்றேன்.

"வேலைய விட்டுட்டேன்."

நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதைத் தவிர அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாதிக் காப்பி குடித்த பிறகு விஷயம் வந்தது. விற்காமல் தங்கிப்போன சட்டைகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் கம்பெனி பெயர் கெட்டுவிடுமாம். அதனால் ஒவ்வொரு சட்டையையும் முதுகில் குறுக்கே வெட்டி மூட்டை கட்டிவிடுவார்களாம். வெட்டியாயிற்று என்று ஒரு ஆபீசர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இந்த முறை உன் அப்பாவை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கூட்டித் துடைக்கும் பெண் ஒரு சட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

"'இதுல என்ன சார் கொறை?'ன்னு கேட்டாங்க. 'ஒரு கொறையும் இல்லம்மா'ன்னேன். 'அப்போ எம் பையனுக்கு ஒண்ணு குடுங்க சார்'ன்னாங்க. குடுக்கக் கூடாதுன்னு ரூல். வெட்டினது வேணும்னா எடுத்துக்கலாமாம்." சொல்லிவிட்டு உன் அப்பா இன்னொரு வாய் காப்பி குடித்தார். "அந்தச் சட்டைக்கு நாந்தான் பேரு வச்சேன். அந்தம்மா முன்னாடி அந்தப் பேரச் சொல்ல வாய் வரல."

இதுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பெரியவளே. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவர் காப்பியை முடித்த பிறகு சொன்னதுதான் என் தலையில் விழுந்தது.

"இனிமே நம்ம வீட்ல யாரும் கடைத் துணி போட வேண்டாம். நானே தைக்கறேன். ஆளப் பாத்து, அளவெடுத்து, காலத்துக்கும் கிழியாத மாதிரி."

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"இத்தன வருஷம் துணியிலயேதானே இருந்தேன்?"

மீன்கூடத்தான் தண்ணீரிலேயே இருக்கிறது, அதற்கென்ன துணி துவைக்கத் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. மனிதர் நொந்து போயிருக்கிறாரே என்று விழுங்கிவிட்டேன். அந்த விழுங்கலுக்குத்தான் இன்று வரை அனுபவிக்கிறேன்.

மறுநாளே யாரோ கைவிட்ட ஒரு இரும்பு மெஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அன்றிலிருந்து நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம், சாப்பாட்டில் நூல் வருகிறது, நூல் வந்தால் "அதைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று வாங்கி வைத்துக்கொள்கிறார். படுக்கையறைத் திரைச்சீலையை ஒத்திகைக்கு வெட்டிவிட்டதால் எதிர்வீட்டுக்காரர் காலையில் ஜன்னல் வழியாகவே எங்களுக்கு வணக்கம் வைக்கிறார், படுத்தபடியே நாங்களும் பதில் வணக்கம் வைக்கிறோம். சோபாவில் உட்காருமுன் ஊசி கிடக்கிறதா என்று கையால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று வந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவைக்கிறேன், சொல்வதற்குள் சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் சட்டை தயாரானபோது இரண்டு கையுமே இடது கையாக இருந்தது. "வலது கைய அவ்வளவா வீச வேண்டாம், அவ்வளவுதான்" என்று அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து, சாருக்குப் பக்கவாதமா, எந்த டாக்டர் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இதோடு நின்றிருந்தால் குடும்பத்துக்குள் போயிற்று என்று இருந்திருப்பேன். மாடியில் இருக்கும் நம் ஹவுஸ் ஓனருக்கு ஆபீசில் பிரிவுபசார விழா வந்தது. அவர் பாவம், மரியாதைக்காக, "எனக்கும் ஒரு பேன்ட் தச்சுக் குடுங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். உன் அப்பா அவரை மாடிப்படியிலேயே நிற்கவைத்து அளவெடுத்தார். நிற்கவைத்து எடுத்ததால் அது நிற்பதற்கு மட்டுமான பேன்டாக அமைந்துவிட்டது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது விழா மேடையில் நாற்காலியை நோக்கிப் பாதி குனிந்தபோது அவருக்கே தெரிந்திருக்கிறது, உள்ளேயிருந்து சின்னதாக ஒரு சத்தம் கேட்டதாம். அப்படியே நிமிர்ந்தவர், மேனேஜர் பேசி, யூனியன்காரர் பேசி, போன வருஷம் ஓய்வு பெற்றவர் பேசி முடிக்கும் வரை கைகட்டி நின்றுகொண்டே இருந்திருக்கிறார். "எங்களுக்கு மரியாதை குடுத்து உட்காரவே இல்லையே, இப்படி ஒரு பணிவா" என்று மேனேஜர் அழுதுவிட்டாராம். நான் வாடகையைக் கொடுத்து மன்னிப்பும் கேட்கலாம் என்று மாடிக்குப் போனால், அவர் மனைவி மாலையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு அதே மாதிரி இன்னொண்ணு வேணுமாம்" என்கிறாள்.

ஆனால் அப்பாவுக்கு அது உறைத்துவிட்டது. "உட்கார முடியாத பேன்ட் தச்சிருக்கேன். கம்பெனில கூட இந்த அளவுக்குப் பண்ணல" என்று இரண்டு நாள் மெஷின் பக்கமே போகவில்லை. பிறகு அவரிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையை எடுத்து, உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்தார். கழுத்துப் பட்டை தனியாக, கை தனியாக, முதுகு தனியாக மேசை முழுக்கப் பரப்பிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரேன், இந்த அக்குள்கிட்ட. ரெண்டு தடவ தச்சிருக்காங்க. இங்கதான் மொதல்ல விடும்னு தெரிஞ்சு தச்சிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. நான் ஆபீஸ்ல உக்காந்து பாதாம்னு பேரு வச்சிட்டிருந்தேன்."

நான், "சாப்பாடு ஆறுது" என்றேன்.

அதற்குப் பிறகு என் முறை வந்தது. "உனக்கு எப்படி வேணும், சொல்லு" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "கீழ விழாத மாதிரி ஒரு ரவிக்கை தைங்க, போதும்" என்றேன். என் இடது தோள் கொஞ்சம் இறக்கம் என்று உனக்குத் தெரியும். எந்த ரவிக்கை போட்டாலும் அந்தப் பக்கம் வழியும், நான் உள்ளே ஊக்கு குத்திக்கொள்வேன். அவர் டேப்பை வைத்து ஒரு பக்கம் அளந்தார், மறுபக்கம் அளந்தார், மறுபடியும் முதல் பக்கம் வந்தார்.

"இது எப்பலேர்ந்து?"

"குழாயடியில விழுந்தேனே, அப்பலேர்ந்து. சின்னவ அப்போ கைக்குழந்த."

உன் அப்பா டேப்பைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். "ஊருக்கெல்லாம் உடம்பப் பாத்து டிசைன் பண்றோம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். பத்து நாள் உட்கார்ந்து தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார். நேற்று கொண்டுவந்து கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். கை இணைத்த இடம் அழகு, கழுத்து அழகு. இறக்கத்தை மட்டும் வலது பக்கம் வைத்துவிட்டார், எதிரே நின்று அளந்ததில் பக்கம் மாறிப்போயிற்று. இப்போது இரண்டு தோளும் வழிகிறது.

ஆகவே பெரியவளே, நான் கேட்கும் உதவி இதுதான். அந்தக் கம்பெனி டைரக்டரும் மாப்பிள்ளையும் ஒன்றாகப் படித்தவர்கள் அல்லவா? மாப்பிள்ளையை விட்டு ஒரு வார்த்தை பேசச் சொல். அப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல். வெட்டுகிற இடத்தில் நிற்க வைக்காமல் பெயர் வைக்கிற வேலையோடு விட்டால் போதும். இந்த வயதில் நின்றுகொண்டே சாப்பிட என் முழங்காலுக்குத் தெம்பு இல்லை, ஒரு மேசை திரும்பக் கிடைத்தால் போதும். அப்பாவுக்கு இது தெரிய வேண்டாம், மனசு ஒடிந்துவிடும்.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மானமாக உடுத்தி, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்புமுன் ரவிக்கையை ஒரு தரம் சரிபார்த்துவிடலாம் என்று அப்பா என்னை நிற்கவைத்துவிட்டார். நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. கம்பெனியிலிருந்துதான். மாப்பிள்ளை சொல்லாமலே அவர்களாகவே கூப்பிட்டிருக்கிறார்கள். புது சீசனுக்குப் பழுப்பு வந்திருக்கிறதாம், பெயர் கிடைக்காமல் தவிக்கிறார்களாம், சம்பளம் கூட்டித் தருகிறோம், சாரை நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டேன். எப்போது வருவார் என்று கேட்டார்கள். இனிமேல் வர மாட்டார், பழுப்பைப் பழுப்பு என்றே போட்டு விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நல்ல வேளை, வாய் நிறையக் குண்டூசி வைத்திருந்தார், இல்லாவிட்டால் ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்திருப்பார்.