அட்டைக் கணக்கில் நாரைகள்

சேலம்,
மாசி மாதம், திங்கள் காலை

அன்பு மகள் லெப்டினென்ட் ஷாஹீனுக்கு, முட்டை மண்டி ஜாபராகிய உன் அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மா அஜீஸாவும் அல்லாஹ்வின் கிருபையில் நலம். நீயும் உன் கப்பலின் இன்ஜின்களும் நலமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். இன்ஜினையும் சேர்த்துக்கொண்டது உன் அம்மாவின் யோசனை. அது படுத்தால் நீதானே எழுந்து ஓட வேண்டும் என்கிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. இன்ஜின் ரூமில் வாட்ச் டியூட்டி, டியூட்டி முடிந்தால் ரிப்பேர், ரிப்பேர் முடிந்தால் பரீட்சைக்குப் படிப்பு, மேல்தளத்தில் போய் நிற்க ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம், பைனாகுலர் பெட்டியை விட்டு வெளியே வந்து ஆறு மாதமாகிறது என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வருடா வருடம் தை மாதம் பனமரத்துப்பட்டி ஏரியில் நீ எண்ணிவந்த நத்தைகுத்தி நாரைகளும் குறைந்துகொண்டே வருகின்றன, நீ கிளம்பிய வருடம் 241, போன வருடம் 228, இந்த வருடம் 217, இனி எண்ணி என்ன ஆகப்போகிறது, நோட்டை மூடிவிடுங்கள் அத்தா, அடுத்த தைக்கு நான் லீவும் கேட்கப்போவதில்லை என்று முடித்திருந்தாய்.

நல்ல முடிவு. எனக்குப் பெரிய விடுதலை.

நீ கப்பலேறிய பிறகு இந்த இரண்டு வருடமும் உனக்காக எண்ணியவன் நான்தானே, நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. உன் பழைய பைனாகுலரை மாட்டிக்கொண்டு முதல் ஞாயிறு வெள்ளைச் சட்டையில் போனேன், என்னைக் கண்டதும் பாதி ஏரி பறந்துவிட்டது. அடுத்த ஞாயிறு காக்கிச் சட்டை போட்டுப் போனேன், ஆடு மேய்க்கிற உண்ணாமலை என்னை ரோடு போட நிலம் அளக்க வந்த ஆபீசர் என்று நினைத்துக்கொண்டு, "எங்க ஊட்ட இடிக்கத்தானுங்க இப்பிடி எண்ணி எண்ணி எழுதறீங்க?" என்று குச்சியோடு வந்துவிட்டார். இல்லம்மா, என் மகள் கடற்படையில் இருக்கிறாள், அவளுக்காக நாரை எண்ணுகிறேன் என்றேன். "கப்பல்ல இருக்கற புள்ளைக்குக் கொக்குக் கணக்கு எதுக்குங்க சாமி?" என்று கேட்டார். அதற்குள் அவருடைய ஆடு ஒன்று என் கணக்குச் சீட்டைத் தின்றுவிட்டது. அதிலிருந்து அந்த அம்மாவே பக்கத்தில் நின்று, "மேக்கால பத்து உக்காந்திருக்குதுங்க, அத உட்டுட்டீங்க" என்று எனக்கு எடுத்துக்கொடுக்கிறார்.

எனக்கோ ஒன்று, இரண்டு என்று எண்ண வராது. முப்பத்திரண்டு வருடமாக முட்டையை அட்டைக் கணக்கில்தான் எண்ணுகிறேன், அட்டைக்கு முப்பது, நிரம்பாதது சில்லறை. நாரையையும் அப்படியே எண்ணி, மண்டியில் லோடு எழுதுகிற மாதிரியே சீட்டில் எழுதி, முடிவில் வந்த தொகையை உனக்கு அனுப்பினேன். இந்தத் தையில் எட்டாவது அட்டை நிரம்பப்போகிற நேரம் உன் அம்மா போன் செய்து தக்காளி வாங்கிவரச் சொன்னாள், மணிச் சத்தத்தில் மொத்த ஏரியும் எழுந்துபோய்விட்டது, அவை திரும்பி வந்து உட்காரும்வரை சேற்றிலேயே காத்திருந்து முதலிலிருந்து எண்ணினேன், அதில் ஒரு செருப்பும் போயிற்று. ஒற்றைச் செருப்போடு உன் மாமா வீட்டு நிக்காஹ்வில் போய் நின்றேன். தக்காளி மறந்துவிட்டது.

இதெல்லாம் இனி இல்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கலாம். தூக்கம் வருகிறதா என்று கேட்காதே. ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ படிக்கிற காலத்தில் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஏரி வரைக்கும் "அத்தா, மெதுவா, மெதுவா" என்றே வருவாய். இப்போது மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், சொல்லத்தான் ஆளில்லை. உன் அம்மா டிவியில் உன் கப்பல் நிற்கிற விசாகப்பட்டினத்தில் மழையா என்று பார்த்துவிட்டு எழுந்துபோய்விடுகிறாள், சேலத்துச் செய்தியை அவள் கேட்பதில்லை. சரி, அதை விடு. வேலைதான் முக்கியம். கப்பலை ஓட்டுகிறவளுக்குக் கொக்கு பார்க்க ஏது நேரம். நோட்டை மூடி, பீரோவில் உன் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் வைத்தாயிற்று.

பரீட்சையை நல்லபடியாக எழுது. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கடலிலும் கரையிலும் அல்லாஹ் உனக்குக் காவல் இருப்பானாக. உன்னோடு இன்ஜின் ரூமில் வேர்த்துக்கொண்டிருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாமையும் வணக்கத்தையும் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தா ஜாபர்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது நம் லோடு ஆட்டோ ஓட்டுகிற ராசிபுரத்துப் பெரியசாமி, மேசையில் கிடந்த தை மாதத்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "ஏனுங்க பாய், எட்டு அட்டை, சில்லறை ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க. அப்பறம் எதுக்குங்க முப்பத்திரண்டைக் கழிச்சிருக்கீங்க?" என்றார். உடைசல் என்றேன். "கொக்குல ஏதுங்க உடைசல்?" என்றார். போன வருடத்துச் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். லோடு எழுதினால் வழியில் உடைகிற முட்டைக்காக அட்டைக்கு இரண்டு உடைசல் கழிப்பது என் கைப்பழக்கம், போன வருடம் அப்படிக் கழித்திருக்கிறேன். இந்த வருடம் ஏரி ரோடு குண்டும் குழியுமாகிவிட்டதால் நாலாக்கிவிட்டேன். நாரை ரோட்டில் வருவதில்லை என்று அத்தாவுக்குத் தோன்றவே இல்லை. ஆகவே போன வருடம் 244, இந்த வருடம் 249 என்று திருத்திக்கொள். நீ எண்ணிய வருடத்தைவிட எட்டு அதிகம். நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். தைக்கு லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் நானும் உண்ணாமலையும் போய்க்கொள்கிறோம், நீ மேல்தளத்தில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டதை எழுதி அனுப்பு, ஒரே ஒரு பறவை என்றாலும் சில்லறையில் சேர்த்துக்கொள்கிறேன். ஏரியில் ஒன்றும் குறையவில்லை, கண்ணு. வீட்டில்தான் ஒன்று குறைகிறது. அதை உடைசலில் கழிக்க எனக்குக் கை வரவில்லை.