ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்த ஐயோ பாய்

மலேசியாவில், எங்கள் ஈப்போ ஊரில் எத்தனை டாக்டர்கள் இருந்தாலும், ஊர் மக்களின் நெஞ்சுத் துடிப்பை அதிகமாக ஏற்றி இறக்கியவர் ஐயோ பாய்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வேன்.

அவர் வேலை வைத்தியம் இல்லை. ஓடாத கம்ப்யூட்டரை ஓட வைப்பது. பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பார். பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும். "ஐயோ!" அவ்வளவுதான், பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கை கால் ஆடிப்போகும். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

அந்த ஐயோவில் உள்ள கஷ்டம் என்னவென்றால், அது எதற்காக வந்தது என்று யாருக்கும் தெரியாது. கோப்பெங்கில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்காரர் ஒருவர், பாயின் ஐயோவைக் கேட்டுக் காகிதக் கட்டின் மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வேலைக்காரப் பெண் தண்ணீர் கொண்டு வர ஓடினாள். பாய் நிமிர்ந்து சொன்னாராம், "ஐயோ, நான் மொத மொத ரிப்பேரு பண்ணது இந்த மாடலுதாண்ணே! பாத்து எவ்ளோ நாளாச்சு!" ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஒரு கிளார்க், ஐயோவைக் கேட்டதும் முதலாளிக்குப் போன் போட்டு, "எல்லாம் போச்சு பாஸ்" என்றே சொல்லிவிட்டார். அந்த ஐயோ, பாய் தன் காருக்குப் பார்க்கிங் கூப்பன் வைக்க மறந்ததற்காக.

பாயின் கடை, அவருடைய அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசை. கை கழுவும் இடத்துக்கும் கல்லாவுக்கும் நடுவில். கரண்டி வைக்கும் டப்பாவில்தான் ஸ்குரூ டிரைவர்களையும் வைத்திருப்பார். ரொட்டி சானாய் கேட்டவருக்குத் தட்டோடு ஸ்குரூ டிரைவர் போன கதையும் உண்டு. அண்ணன் கத்துவார். பாய் அதை வாங்கித் துடைத்துவிட்டு, "நல்லவேள, முனை மழுங்கல" என்பார்.

இப்படிப்பட்டவரை என் வீட்டுக்குள் விடும் நிலைமை எனக்கும் வந்தது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். ஆறாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் என் மனைவி சரோஜாவுடையது. மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கிய பழைய எம்பிராய்டரி மிஷின் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பேட்ஜ், ரவிக்கை, மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங் என்று எல்லாவற்றிலும் பூப்போடுவாள். அந்த மிஷின் அந்தப் பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். புதுக் கம்ப்யூட்டரில் அதன் ஒயரை மாட்ட ஓட்டையே கிடையாது.

அந்த வருடம் சித்தியவானில் இருக்கும் எங்கள் மகளுக்குக் குறை மாதத்தில் பிள்ளை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கைப்பிடி அளவு கிடந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சரோஜா வேண்டிக்கொண்டாள். "முருகா, பிள்ள வீட்டுக்கு வந்துட்டா, வர்ற சஷ்டிக்கு மயில் போட்ட பட்டு தச்சு உனக்குச் சாத்துறேன்." பிள்ளை வீட்டுக்கு வந்தான். எட்டி உதைக்கவும் ஆரம்பித்தான். சரோஜா ராப்பகலாக அந்தக் கம்ப்யூட்டரில் மயிலை வரைந்தாள், ஒவ்வொரு இறகாக. ஆயுத பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமியன்று, பட்டில் முதல் ஊசி குத்துவதாகத் திட்டம்.

பூஜையன்று நான் வேனுக்குப் பொட்டு வைத்தேன். அவள் கம்ப்யூட்டருக்கு வைத்தாள். மனசில் இருந்த நன்றிக்கு ஒரு பொட்டு போதவில்லை. கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்றும் தெரியவில்லை. அதனால் நாலு பக்கமும் வைத்து, உச்சியில் இருந்த சல்லடை ஓட்டைகளின் மேல் கை நிறைய அப்பினாள். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் குளித்து, விளக்கேற்றி, சுவிட்சைத் தட்டினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று முறை பீப் பீப் என்று கத்திவிட்டு எல்லாம் அடங்கிப்போனது. மறுபடி தட்டினாள். மறுபடி அதே கத்தல்.

"என்னங்க, பூஜை போட்ட மறுநாளா லா இப்படி ஆகணும்?" என்று என் சட்டையைப் பிடித்தாள். "நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா? சாமிக்குப் பிடிக்கலையா?"

மனிதனிடம் கடன் வாங்கியிருந்தால் தவணை கேட்கலாம். முருகனிடம் எப்படிக் கேட்பது? அதுவும் பேரப்பிள்ளை விஷயத்தில்? வேனை எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன்.

"பாய், கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிருச்சு, ஓட மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்கணும்."

"சத்தம் போடுதா?"

"மூணு தடவ கத்துது பாய்."

"கத்துதா? அப்ப உசிரு இருக்கு. பசியாறிட்டீங்களா?"

"இல்ல."

"மொதல்ல பசியாறுங்க. அந்த வீட்டுல ஒரு ஆளாவது தெம்பா இருக்கணும்."

அவர் அண்ணன் கொண்டு வந்து வைத்த இட்லி எனக்கு எப்படி இறங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாய் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார்.

"கடைசியா தொட்டது யாரு?"

"நான்தாண்ணே" என்றாள் சரோஜா.

"என்ன பண்ணீங்க?"

"கும்பிட்டேன்."

"கும்பிட்டா ஒண்ணும் ஆகாதுக்கா. அதுக்கப்புறம்?"

"சுவிட்சத் தட்டினேன்."

பையிலிருந்து ஒரு குட்டி மேசை விளக்கை எடுத்து எங்கள் பிளக்கில் சொருகினார். விளக்கு எரிந்தது. "கரண்டு மேல தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். சரோஜா டீ கொண்டு வந்தாள். கையை ஆட்டி மறுத்துவிட்டார். "இது எந்திரிக்காம நான் எதுவும் குடிக்க மாட்டேன்." அப்புறம் எல்லா ஒயரையும் உருவிவிட்டு மூடியைக் கழற்றினார்.

"ஐயோ!"

சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்குரூ ஒண்ணுகூட தொலையல பாருங்க! இப்படி ஒரு வீட்ட நான் பாத்ததே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஐயோ. நான் "முருகா" என்று சுவரில் சாய்ந்தேன்.

"எவ்ளோ தூசி! இத வச்சு ஒரு தலகாணி செய்யலாம்."

மூன்றாவது முறை டார்ச் அடித்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வாய் திறந்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் பாயின் வாய் திறந்தபடியே இருந்தது. கண் மட்டும் சரோஜாவின் பக்கம் போனது. அவள் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தாள். பாய் மெதுவாக வாயை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. ஒரு முழு ஐயோவை அந்த மனிதர் விழுங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

நானும் குனிந்து பார்த்தேன். உச்சி ஓட்டையிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு இறங்கி வந்து, மெமரி சொருகும் இடத்தில் காய்ந்து அடையாகப் பிடித்திருந்தது. சந்தனம்.

"என்னாச்சுண்ணே? பூஜையில ஏதும்...?" சரோஜாவின் குரல் உடைந்திருந்தது.

"ச்சே ச்சே! பூஜைக்கும் இதுக்கும் என்னக்கா?" என்றார் பாய். நெற்றியில் வேர்வை. "இது வந்து... இது... பல்லி! ஆமா, பல்லி உள்ள பூந்துருச்சு. கரண்டு பட்டு..."

பொய் சொல்லிப் பழகாதவர் பொய் சொன்னால் இப்படித்தான். ஊரில் எத்தனையோ பிராணி இருக்க, பல்லியைப் போய்ப் பிடித்தார்.

"செத்துருச்சா?" சரோஜா அலறினாள். "பூஜையன்னிக்கா? சரஸ்வதி படத்துக்கு முன்னாலயா?"

எங்கள் வீட்டில் பல்லி கத்தினாலே நின்று சகுனம் பார்ப்போம். விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று பஞ்சாங்கத்தை எடுப்போம். பூஜையன்று செத்ததென்றால் அவள் என்ன ஆவாள்? பாய் தன் தவற்றைப் புரிந்துகொண்டார்.

"சாகல! செத்துச்சுன்னு யாரு சொன்னா? ஓடிருச்சுக்கா!"

"கரண்டு பட்டும் ஓடிருச்சா?"

"வால மட்டும் விட்டுட்டு ஓடிருச்சு. வாலுதானே, மறுபடி மொளச்சிரும்."

"வாலு எங்க?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

"சட்டைப் பையில வச்சிருக்கேன்" என்றார் பாய். "பாக்கணுமா?"

"வேணாம், வேணாம்!" என்று சரோஜா சமையலறைக்கு ஓடியே போனாள்.

பாய் நாற்காலியில் விழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை அருகில் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "அண்ணே, கம்ப்யூட்டரு கெட்டா நான் பாத்துக்குவேன். சாமிக்குச் செஞ்சதாலதான் கெட்டுச்சுன்னு அக்கா மனசுல விழுந்துருச்சுன்னா, அத ரிப்பேரு பண்ண எனக்குத் தெரியாது. வாயத் திறக்காதீங்க."

ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு கிண்ணம், தலைமுடி காய வைக்கும் மிஷின் எல்லாம் கேட்டு வாங்கினார். தன் பையிலிருந்த ஸ்பிரிட்டைக் கிண்ணத்தில் ஊற்றி, பிரஷ்ஷை முக்கி முக்கி அந்த மஞ்சளைத் தேய்த்து எடுத்தார். குழந்தைக்குப் பல் துலக்கிவிடுவது மாதிரி. பிறகு சூடான காற்றை அடித்துக் காய வைத்தார்.

சுவிட்சைத் தட்டும் முன் என்னை நிறுத்தினார். "நீங்க உங்க சாமியக் கும்பிடுங்க. நான் என் பக்கம் சொல்லிக்கிறேன். ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போம்." நான் முருகா என்றேன். அவர் பிஸ்மில்லா என்றார். தட்டினார்.

திரையில் வெளிச்சம் வந்தது. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. நான் கையெடுத்துக் கும்பிடுவதற்குள் பட்டென்று கறுத்து, மறுபடி அந்த மூன்று பீப்.

"என்னங்க?" என்று சமையலறையிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல, சோதிச்சுப் பாக்குறாரு!" என்றேன்.

பாய் எதுவுமே பேசவில்லை. அவர் ஐயோ சொன்னபோதெல்லாம் பயந்த எனக்கு, அவர் சும்மா இருப்பது அதைவிடப் பயங்கரமாக இருந்தது. இரண்டு மெமரிகளையும் உருவினார். ரப்பர் எடுத்து, பித்தளை நிறத்தில் இருக்கும் பற்களை அழுத்தித் துடைத்தார். ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் சந்தனம் படாத இடத்தில் சொருகினார். "ரெண்டு காலுல நிக்க மாட்டேங்குது. ஒத்தக் காலுல நிக்குதான்னு பாப்போம்."

தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சரோஜா வந்து பின்னால் நிற்பது தெரிந்தும் நான் திரும்பவில்லை. கடைசியில் திரை முழுக்க நீலமாக விரிந்தது. பாய் நகர்ந்து இடம் விட்டார். சரோஜா மவுஸைப் பிடித்து மயிலைத் திறந்தாள். இறகு இறகாக, அதற்கே உரிய நிதானத்தில், மயில் வந்தது.

அவள் அழுதுவிட்டாள். பாய் கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மயிலு நல்லா இருக்குக்கா. கண்ணு மட்டும் கொஞ்சம் பெருசு."

"முருகன் மயிலுண்ணே. எல்லாத்தையும் பாக்க வேணாமா?"

"அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தார். போகும்போது ஒரே ஒரு புத்தி சொன்னார். "வேல முடியற வரைக்கும் இத அணைக்காதீங்க. மறுபடி எந்திரிக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி ஏது? ஈப்போ மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சாயங்காலம் ஓர் இடி இடித்தால் போதும், நான் எந்தத் தெருவில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாலும் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். வேனில் வரும் பிள்ளைகளுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டபோதும் மிஷின் ஒரு பக்கம் கடகடவென்று ஓடியது. மிக்சி போட்டால் கரண்டு போய்விடுமோ என்று சரோஜா சட்னியைக்கூட அம்மியில் அரைத்தாள். ஆனால் கரண்டு போகவில்லை. சூரசம்ஹாரத்தன்று முருகன் அந்த மயில் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றான். பேரன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், கூப்பிடாமலே பாய் வாசலில் வந்து நின்றார். கையில் கடையில் சோறு கட்டும் பிளாஸ்டிக் சுருள். நேராக உள்ளே போய்க் கம்ப்யூட்டரை உச்சி முதல் அடி வரை அந்தப் பிளாஸ்டிக்கால் சுற்றி, டேப் ஒட்டினார். "பல்லி தொல்லை அதிகமா இருக்குக்கா இந்த ஏரியாவுல. இப்ப பொட்டு வைங்க, எவ்ளோ வேணும்னாலும் வைங்க." அப்புறம் வருடா வருடம் வந்தார். இந்த வருடம் முழங்கால் வலியோடு, மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கவே சிரமப்பட்டு வந்தார்.

அவர் போனதும் வாசலில் நின்று சொன்னேன், "பாவம், ஒரு பல்லிக்காக இந்த மனுஷன் வருஷா வருஷம் அலையறாரு."

சரோஜா சிரித்தாள். "எந்தப் பல்லி? அன்னிக்கு அவரு பிரஷ்ஷ முக்குன கிண்ணத்தக் கழுவுனது யாருன்னு நெனச்சீங்க? அடியில பூரா சந்தனம்."

"தெரிஞ்சதும் நீ பயப்படலையா?"

"பயந்தேன். அப்புறம் யோசிச்சேன். ஆசையா வச்சதுன்னு சாமிக்குத் தெரியாதா? அதான் மயிலு வந்துருச்சே."

"அப்ப பாய்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் தெருமுனையில் திரும்பும் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காக அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னாருங்க. நம்பலைன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"