டும்டும் அண்ணன் கை நனைத்த கதை

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் டும்டும் அண்ணனைப் போல் ஊரைக் கிடுகிடுக்க வைத்த ஆள் வேறு கிடையாது. இத்தனைக்கும் மனிதர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். சத்தமெல்லாம் அவருடைய பழைய காருக்குத்தான்.

எனக்கும் அவருக்கும் ஒரே டயர்க்கடையில் வேலை. சம்பள நாளில் மற்றவர்கள் சட்டை வாங்கினால் இவர் ஸ்பீக்கர் வாங்குவார். பாட்டில் மேளம் அடிக்கும்போதெல்லாம் கார் விளக்கு மங்கி மங்கி எரியும். பேட்டரி தாங்கவில்லை என்று ஒருநாள் லோரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கத்தில் அது நுழையவில்லை. பின்சீட்டின் காலடியில் பலகை அடித்து, கயிறு போட்டுக் கட்டி உட்கார வைத்துவிட்டார். அதற்கப்புறம் பின்னால் ஏறுகிறவர்கள் சம்மணம் போட்டுத்தான் போகவேண்டும்.

அண்ணனுக்கு வயது முப்பத்தைந்து. அதுவரை பார்த்த மூன்று பெண் வீட்டிலும் காரைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். நாலாவது பெண் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். அவள் அப்பா அங்கே டிராக்டர் ஓட்டுபவர்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி நான் பொண்ணு தேட மாட்டேன்டா," என்று சொல்லிக்கொண்டே அண்ணனின் அம்மா முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால், சம்மணத்தில்.

பெண் தேத்தண்ணி கொடுத்தாள். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே கேட்கட்டும் என்று காரில் பாட்டை ஓடவிட்டிருந்தார். நாங்கள் விடைபெற்று எழுந்தபோது பாடகரின் குரல் இழுத்துக்கொண்டு போய் நின்றே விட்டது.

சாவியைத் திருப்பினார். 'டொக்'. அவ்வளவுதான்.

லயத்து ஆண்கள் எல்லாரும் தள்ளினார்கள். கோயிலைத் தாண்டியதும் எஞ்சின் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? பாட்டைப் போட்டார். எஞ்சின் அணைந்தது. பெண்ணின் அப்பா ஆட்களைச் சேர்த்துக்கொண்டு காரைத் திரும்ப வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்.

மதியமாகிவிட்டது. "சாப்பிட்டுப் போலாம், வாங்க," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சோற்றில் கை நனைக்கக்கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

"மரியாதைக்குக் கூப்புடுறாங்கடா. அவங்க பதிலு தெரியாம கை நனைச்சிடாத!" அம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். எனக்கோ பசியில் கண் இருட்டியது.

அப்போது பெண் வெளியே வந்தாள். எல்லார் முன்னிலையிலும் பின்கதவைத் திறந்து பேட்டரியைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் போய் எஞ்சினை எட்டிப் பார்த்தாள்.

"பேட்டரிய மட்டும் பெரிசா போட்டா போதுமாங்க? சார்ஜ் பண்ற டைனமோ சின்னதாவே இருக்கு. எப்படி ரொம்பும்?"

"உனக்கு என்னாத்துக்கும்மா இந்த வேல?" என்றார் அப்பா.

"நாளைக்கி நானும் இதுலதானப்பா போவணும்?"

டும்டும் அண்ணன் நேராகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பாயில் போய் உட்கார்ந்தார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் நாலு முறை.

மாலையில் டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் காரைக் கிளப்பி அனுப்பினார்கள். பாதி தூரம் வந்தும் பாட்டு இல்லை.

"என்னாண்ணே, பாட்டு போடலயா?"

"வேணாம் தம்பி. அந்தப் புள்ள பேசுனது இன்னும் காதுல இருக்குலா."

ஈப்போ வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டே வரட்டும் மனிதர் என்று விட்டுவிட்டேன்.