மாமெட்ஸ் காட்டுக்கு முன்பதிவின்றிப் போனது

பாலைவழி நடந்தோர்க்கு நாள்தோறும் வானத்து அப்பம் சொரிந்தவனே, கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவனுக்கும் கனவில் ஏணி காட்டியவனே, போக்கையும் வரவையும் காப்பவனே, உன் திருவடி போற்றி. களைத்த கிழவனாகிய நான் என் கதையைச் சொல்லத் தொடங்குகிறேன். என் நாவில் பொய் கலவாமல் காத்தருள்வாய். பெருமை கலவாமல் காக்கும் சிரமம் உனக்கு வேண்டாம். அதை என் மனைவி பார்த்துக்கொண்டாள்.

நான் இட்வால். வேல்ஸ் மலைச்சரிவில் எங்கள் சிறிய சபைக்கு முப்பத்தோர் ஆண்டுகளாக மூப்பன். என் மனைவி நெஸ்டா நாற்பத்து நான்கு ஆண்டுகளாக எனக்கு மூப்பர்.

என் தாத்தாவின் தம்பி கிரிஃபித், முதல் உலகப்போரில், பிரான்சில் மாமெட்ஸ் காட்டோரம் ஒரு ஜூலை பத்தாம் நாள் விடியலில் குண்டுபட்டு விழுந்தவர். வயது பத்தொன்பது. நூறாண்டாகியும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அங்கே போய் நின்று அவருக்காக ஒரு பாட்டுப் பாடியதில்லை. என் தந்தை போக நினைத்தார். சுரங்கத் தூசி அவர் நுரையீரலை விடவில்லை. அவருடைய கடைசிப் படுக்கையருகே நான் வாக்குக் கொடுத்தேன். அதே நாள், அதே விடியல், அதே காட்டோரம், ஒரு பாட்டு.

நூறு நிறைந்த அந்த ஆண்டு ஜூலை பத்து ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. ஓய்வுநாளில் நான் வண்டியைத் தொடுவதில்லை. என் தந்தையும் தொட்டதில்லை; அவரிடம் வண்டி இருந்ததுமில்லை. ஆகவே சனிக்கிழமை மாலைக்குள், காட்டுக்கு நடந்தே போகக்கூடிய ஒரு முகாம் திடலில் எங்கள் கேரவனைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். கேரவன் என்பது காருக்குப் பின்னால் நாங்கள் இழுத்துச் செல்லும் சிறு வீடு. அதில் இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஆயிரம் கருத்து வேறுபாடுகள் அடங்கும்.

இதில் சிக்கல் ஒன்றுமில்லை. சிக்கலை நானே உண்டாக்கினேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து சபைக்கூடத்தில் தேநீர் பருகிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ஹெவின் என் அருகே வந்து அமர்ந்தார். பல் பிடுங்குவதற்கு, பல் வலி தொடங்கும் முன்பே நாள் குறித்து வைக்கிற மனிதர் அவர்.

"இட்வால் அண்ணே, ஜூலையில போர்க்களம் பாக்க வர்ற கூட்டம் சொல்லி மாளாது. முகாமெல்லாம் இப்பவே பதிஞ்சு வெச்சிடுங்க. போன தடவை நான் எட்டு ராத்திரிக்கும் எட்டு இடம் பதிஞ்சுட்டுத்தான் வீட்டையே பூட்டினேன்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சபையார் திரும்பிப் பார்க்கும்படி ஓசையோடு வைத்தேன்.

"ஹெவின், வேதத்துல பாருங்க, பாலைவனத்துல ஜனங்க நாப்பது வருஷம் நடந்தாங்க. ஒரு ராத்திரிக்காவது இடம் பதிஞ்சாங்களா? வானத்துலேருந்து விழுந்த அப்பத்துல நாளைக்கு ஆகும்னு எடுத்து வெச்சதெல்லாம் புழுதான் வெச்சுது. நான் பதியப் போறதில்ல. ஆண்டவன் காட்டுற இடத்துல தங்குவேன்."

"அவங்களுக்கு நாப்பது வருஷம் இருந்துச்சு அண்ணே. உங்களுக்கு ஒரு சனிக்கிழமைதானே இருக்கு."

சபையில் சிலர் இருமினார்கள். அது சளி இருமல் அன்று.

வீடு திரும்பும் வழியில் நெஸ்டா கேட்டாள்.

"ஏங்க, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் ரெண்டு நாளுக்கும் சேத்துப் பொறுக்கினாங்களே, அந்த அப்பத்துல புழு வெச்சுதா?"

"அது ஆண்டவன் சொல்லிச் செஞ்சது."

"நான் சொன்னா ஆகாதாக்கும்."

"நெஸ்டா, இது விசுவாசத்தைப் பத்தின விஷயம்."

"சரிங்க. பதிய வேணாம்னா வேணாம். வரைபடம் பாத்து வழி சொல்ற வேலை மட்டும் எனக்கு இருக்கட்டும்."

அந்தச் 'சரிங்க'வை நான் சந்தேகித்திருக்க வேண்டும். எங்கள் மணவாழ்வில் அது மூன்றாவது. முதலாவதை ஆலயத்தில் போதகர் முன்னிலையில் சொன்னாள். இரண்டாவதன் விளைவாக எங்கள் சமையலறை இன்றளவும் மஞ்சள் நிறமாக இருக்கிறது.

ஜூலை வந்தது. கடல் கடந்தோம். வியாழன் பெல்ஜியத்தில் கல்லறை வரிசைகளினூடே நடந்து முழங்கால் வீங்கியது. மாலை நெஸ்டா சொன்ன வளைவில் திரும்பினேன். ஒரு முகாம் வந்தது.

"நீங்க உக்காருங்க. கால நீட்டிக்கங்க. இடம் இருக்கான்னு நான் கேட்டுட்டு வர்றேன்."

நான் வண்டியிலேயே கண்மூடி மன்றாடினேன். ஐந்து நிமிடத்தில் திரும்பினாள்.

"ஒரே ஒரு இடம் இருக்காம்."

"பாத்தியா?"

"பாத்தேங்க."

வெள்ளிக்கிழமை ஆராஸ் நகரருகே அதே கதை. அவள் கேட்கப் போனாள், நான் மன்றாடினேன், ஒரே ஓர் இடம் இருந்தது. அன்று இரவுணவுக்கு முன், நமக்கு வேண்டியதை ஆண்டவன் முன்கூட்டியே பார்த்துவைக்கும் அருட்காப்பைப் பற்றி அவளுக்கு நாற்பது நிமிடம் விளக்கம் சொன்னேன். உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. ஹெவினுக்கு ஓர் அஞ்சலட்டையும் எழுதினேன். அதில் பணிவு குறைவாகவே இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல். மாமெட்ஸுக்கு நான்கு மைல்.

"இங்க இடப்பக்கம் திரும்புங்க," என்றாள் நெஸ்டா.

இரண்டு வெற்றிகள் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அரசர்களின் வரலாறு சொல்லும். மூப்பர்களின் வரலாற்றை இதோ நான் சொல்கிறேன்.

"இல்ல. இன்னிக்கு நேராப் போறோம். எனக்குள்ள ஒரு ஏவுதல் இருக்கு."

"சரி... போங்க."

ஏவுதல் காட்டிய முதல் முகாமின் வாசலில் எங்கள் நாட்டுக் கொடிகள் பதினைந்து பறந்தன. இடமில்லை. இரண்டாம் முகாமில் ஒரு பாடகர் குழு முழுவதும் பேருந்தோடு வந்து இறங்கியிருந்தது. அவர்கள் கடந்த செப்டம்பரிலேயே பதிந்தவர்கள். மூன்றாவதில் காவலாளி என்னைக் கண்டதும் கையை மட்டும் அசைத்தார். ஒரு நாடே ஹெவினாக மாறி எனக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது. அந்த முகாமின் சந்து ஒடுக்கமானது. திரும்ப இடமில்லை. பின்னால் ஒரு டிராக்டர் பொறுமையின்றி உறும, கேரவனை இருநூறு கஜம் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். கேரவனைப் பின்னோக்கி ஓட்டுவது மனத்தாழ்மைக்கு ஏற்ற பயிற்சி. நாம் வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகும். பல வகையில் அது என் இல்லறத்தை ஒத்தது.

ஒரு நாற்சந்தியில் நிறுத்தினேன். மணி ஆறு. தொலைவில், கோதுமை வயலுக்கு அப்பால் கரும்பச்சையாக ஒரு காடு தெரிந்தது. அதுதான். நெஸ்டா குடுவையிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தாள். கோப்பையை ஓசையின்றி வாங்கிக்கொண்டேன்.

"நெஸ்டா."

"ம்."

"இடம் கிடைக்கலைன்னா அப்பாவுக்குக் குடுத்த வார்த்தை போச்சு."

"விடியக்காலம் ஒரு நாள் வண்டியெடுத்தா என்ன?"

"கேக்காத."

"கேக்கல."

தேநீர் ஆறியது.

"நான் பதிஞ்சிருக்கணும்."

"என்ன சொன்னீங்க? லாரி சத்தத்துல கேக்கல."

சாலையில் லாரி எதுவும் இல்லை.

"பதிஞ்சிருக்கணும்னு சொன்னேன்."

"சரி, இனிமே?"

"இனிமே இடம் பதியறது உன் பொறுப்பு. நீ எங்க பதிஞ்சாலும் மறுபேச்சு பேசாம வர்றேன்."

"எங்க பதிஞ்சாலுமா?"

"எங்க பதிஞ்சாலும்."

"மூப்பர் வார்த்தை?"

"மூப்பர் வார்த்தை."

குடுவையின் மூடியைத் திருகினாள். வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப வண்டியத் திருப்புங்க. நான் ரெண்டு மணிக்குச் சொன்னேன்ல, அதே இடப்பக்கம்."

ஆப்பிள் தோப்புக்குள் ஒரு சிறு முகாம். தோப்பின் பின்வேலியிலிருந்து ஒற்றையடிப்பாதை காட்டை நோக்கிச் சென்றது. உரிமையாளர் ஒடில் அம்மையார் வாசலுக்கே ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க. ரெண்டு மணியிலேருந்தே எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். நீங்கதானே அந்தக் கடிதம் எழுதினவரு? உள்ள வந்து பாருங்க, சுவத்துல மாட்டி வெச்சிருக்கேன்."

கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பெயரில் ஒரு கடிதம். எழுத்து நெஸ்டாவுடையது. தேதி, நான் கோப்பையை ஓசையோடு வைத்த அதே ஞாயிறு. 'மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, தங்குமிடத்தைப் பதிந்துகொள்ளாமல் வெளியூர் கிளம்புகிறவன் வீட்டுப்படி இறங்கவே தகுதியற்றவன் என்பது என் நெடுநாள் கொள்கை' என்று அது தொடங்கியது.

"வர்ற ஆம்பளைங்க எல்லாருக்கும் இதக் காட்டுவேன்," என்றார் ஒடில். "இப்படிப்பட்ட மனுஷன நான் பாத்ததே இல்ல."

"நானும் பாத்ததில்லம்மா," என்றேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "வியாழனும் வெள்ளியும்?"

"அதுவும்தான். நீங்க ஜெபத்துல இருந்தீங்க. நடுவுல எழுப்பிச் சொல்ல மனசு வரல."

விடியற்காலை இருவரும் நடந்தோம். எங்கள் நாட்டுப் படையினர் நினைவாக எழுப்பிய சிவந்த டிராகன் சிலை காட்டைப் பார்த்தபடி நின்றது. வானம்பாடிகள் எழும்பின. கிரிஃபித் விழுந்ததாகக் குடும்பம் சொல்லிவந்த அந்த ஓரத்தில் நின்று தொப்பியைக் கழற்றினேன். முதல் சரணம் பாடினேன். இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது. பக்கத்திலிருந்து நெஸ்டா அதை எடுத்துக்கொண்டு இறுதிவரை பாடி முடித்தாள். நூறாண்டு பாக்கி நின்ற பாட்டு அது. அந்த நேரத்தில் அவள் எதைப் பதிந்திருந்தாலும் மன்னித்திருப்பேன்.

அவளும் அதையே எதிர்பார்த்திருந்தாள் போலும்.

திங்கட்கிழமை காலை கேரவனை வண்டியோடு பூட்டினேன். முழங்கால் வீட்டிலுள்ள என் நாற்காலியைத் தேடியது.

"வீட்டுக்குப் போக, கேலே துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் நெஸ்டா?"

"கேலேக்கு யாரு போறா? தெக்கப் பாத்துத் திருப்புங்க."

"தெக்க என்ன இருக்கு?"

"இதே பிரான்சுல, பிரெட்டனிக் கடற்கரை. பதினாலு ராத்திரி பதிஞ்சிருக்கேன்."

இருபது ஆண்டுகளாக நான் மறுத்து வந்த கடற்கரை அது. ஒவ்வொரு கோடையும் அங்கே முகாமிடுபவள் அவள் தங்கை கைன்வென். அக்கார்டியன் வாசிக்கும் கணவனோடு.

வாயைத் திறந்தேன். நாற்சந்தி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க," என்றாள் நெஸ்டா. "அவங்களத் தேடி அலைய வேண்டியதில்ல; ஒட்டின இடமாப் பாத்துத்தான் பதிஞ்சேன்."

இதைக் கேட்ட நீங்கள் நலமாயிருப்பீர்களாக. உங்கள் மரித்தோரை நினைந்து பாட ஒரு விடியலையும், குரல் உடையுமிடத்தில் பாட்டைத் தாங்க ஒரு துணையையும் ஆண்டவன் உங்களுக்கு அருள்வானாக. அத்துணைக்கு நீடிய ஆயுளும் உங்களுக்கு நீடிய பொறுமையும் தந்து காப்பானாக. ஆமென்.