அட்சதைத் தட்டும் மஞ்சள் நாக்கும்

போன வருசம் போடியில ஒரு மண்டபத்துல நாத்தனா கல்யாணம். எனக்குக் குடுத்த சோலி ஒண்ணே ஒண்ணு. அட்சதைத் தட்டோட மேடையில நிக்கணும், தாலி கட்டுறப்ப எல்லாருக்கும் நீட்டணும்.

ஒரு உண்மையச் சொல்லிடுறேன். அப்ப ஆறு மாசமா பச்சரிசியக் கண்டா என் கை சும்மா இருக்காது. அரிசி குறையுதேன்னு அத்தை, அதாவது என் மாமியார், எலிப்பொறி வாங்கி வச்சாங்க. அதுல தேங்காச்சில்லு மாட்டுனதே நாந்தேன்.

ஐயர் மந்திரம் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு சிட்டிகை வாயில போட்டேன். மஞ்சள் வாசத்தோட, வீட்டு அரிசியவிட ருசியா இருந்துச்சு. இன்னொரு சிட்டிகை. அப்புறம் சிட்டிகை போயி பிடியாச்சு.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

எல்லாரும் கைய நீட்டுறாங்க. தட்டுல வெத்தலை மட்டுந்தேன் கெடக்கு.

"அரிசி எங்கடி?" அத்தை பல்லைக் கடிச்சாங்க.

"கீழ கொட்டிருச்சு அத்தை."

பொய் சொல்லத் தொறந்த வாயில நாக்கு மஞ்சமஞ்சேர்னு இருந்துருக்கு.

சமையக்கட்டுக்கு ஆள் ஓடுச்சு. "அம்புட்டும் உலையில கெடக்கு, சோறா வேணா கொண்டாரவா"ன்னு கேட்டாராம் மாஸ்டர். கடைசியில பொம்பளைங்க தலையில இருந்த மல்லிகைப்பூவ உருவிப் போட்டுத்தேன் தாலி ஏறுச்சு. நாத்தனா என்னைய முறைச்சது கல்யாண ஆல்பத்துல தெளிவா விழுந்துருக்கு.

மேடையவிட்டு நழுவப் பாத்தேன். மாப்பிள்ளையோட அக்கா தேவாரம் ஊரு ஆஸ்பத்திரியில நர்சு. என்னையப் பிடிச்சு நிறுத்தி, கண்ணுக்குக் கீழ இமைய இழுத்துப் பாத்தாங்க.

"வெள்ளை வெளேர்னு இருக்கேம்மா. படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"ஆமாக்கா."

"முடி கொட்டுதா?"

"சீப்பு முழுக்க இவ முடிதேன்." அத்தை முந்திக்கிட்டாங்க.

"ஒடம்புல இரும்புச்சத்து கொறைஞ்சிருக்கும். அதேன் அரிசியத் திங்கத் தோணுது. வெரசா ரத்தம் டெஸ்ட் எடுங்க."

எடுத்தோம். ஹீமோகுளோபின் பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஏழு. டாக்டர் மாத்திரை எழுதிட்டு, "டீயோட போடாதீங்க, சத்து ஒட்டாது. எலுமிச்சை ஜூஸோட போடுங்க"ன்னாரு.

அத்தை எலிப்பொறிய எடுத்துட்டு, அதே எடத்துல என் மாத்திரை டப்பாவ வச்சாங்க. வெக்கமாத்தேன் இருந்துச்சு. ஆனா நாலு மாசத்துல மாடிப்படிய மூச்சு வாங்காம ஏறுனேன், அரிசி ஆசையும் விட்டுப்போச்சு.

போன வாரம் நாத்தனாவுக்கு வளைகாப்பு. அத்தை எல்லாருக்கும் முன்னாடி என்னையக் கூப்பிட்டு, மூடி போட்ட அட்சதைத் தட்டைக் கையில குடுத்தாங்க. மறுபடியும் நம்புறாங்களேன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

மூடியத் தொறந்தா, உள்ள அம்புட்டும் ரோசாப்பூ இதழு.