குறுக்கே வந்த தோழி

இளவரசன் இளவரசியின் கையைப் பிடித்தான். நெஞ்சில் இருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து தோழி வந்து, "தேவி, பால் ஆறிவிடும்" என்றாள்.

பதிப்பகத்தில் பிழை திருத்தும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலைக்குள் இந்தச் சரித்திரக் காதல் நாவல் அச்சுக்குப் போக வேண்டும் என்று முதலாளி கழுத்தில் கத்தி வைத்திருந்தார். இந்தத் தோழியானால் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வருகிறாள்.

"தங்கமான ஜோடி. நடுவுல இவ ஒருத்தி. நீளத்தைக் குறைக்கலாம்னு எழுதினவரே சொல்லியிருக்காரு. தோழியைத் தூக்கிடு" என்றாள் அக்கா.

அக்காவுக்கு இந்தப் பக்கம் இருந்த தட்டச்சுப் பெண் மறுபேச்சில்லாமல் தூக்கினாள். அக்காவுக்கு அந்தப் பக்கம் ஓவியத் தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இங்கே இன்றோடு சரி; மாலை ரயிலில் வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போகிறான். அட்டைப்படம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் ஆள் நகரவில்லை. என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு என்று அக்கா உருகினாள்.

"அக்கா, இளவரசனோட ஓலையைத் தோழிதானே கொண்டு போறா?" என்றான் அவன்.

"குதிரை கொண்டு போகட்டும்."

"குதிரை எப்படிக்கா மாடிப்படி ஏறும்?" என்றாள் தட்டச்சுப் பெண்.

"அப்ப இளவரசனே நேர்ல போகட்டும்."

"நேர்ல போறவனுக்கு ஓலை எதுக்குக்கா?"

ஓலையும் போயிற்று. ஓலை போனதும், அதை எதிரி ராஜா பிடித்துப் படிப்பது போயிற்று. படிக்காதவன் ஏன் படையெடுத்து வருகிறான்? போர் இல்லை, சிறை இல்லை, பிரிவு இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் இளவரசன் பெண் கேட்டான். நாலாம் அத்தியாயத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது.

முதலாளி வந்து பார்த்தார். "தலையணை கனத்துக்கு நாவல்னு விளம்பரம் குடுத்திருக்கேன். இது என்னம்மா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு? சாயங்காலம் முழு நாவல் வரலைன்னா நாளைக்கு நீங்களும் வர வேண்டாம்."

அக்கா மிச்சமிருந்த பக்கங்களை மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

"நீங்க போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்கக்கா. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்" என்றான் தம்பி.

"உங்களைத் தவிக்க விட்டுட்டு எனக்குக் காபி ஒரு கேடா?" அக்காவுக்கு நெஞ்சே நெகிழ்ந்துவிட்டது. நாற்காலியை இன்னும் நன்றாக நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

போரை எப்படியாவது வரவழைக்க வேண்டுமே. கல்யாணக் கூட்டத்திலேயே ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டாள். கிளப்பிய வேகத்தில் இளவரசன் செத்துப்போனான்.

சாவிக்கொத்தோடு காவலாளி வந்து நின்றார். "தம்பி, ரயிலுக்கு நேரமாச்சுப்பா."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என் வேலை போச்சு. வீட்டுல போய் என்ன சொல்லுவேன்?" கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

தட்டச்சுப் பெண்ணால் அதைப் பார்க்க முடியவில்லை. "வேலை போகாதுக்கா. அவர் எழுதின நாவல் அப்படியே பத்திரமா இருக்கு. நான் நகல்லதான் வெட்டினேன், அதைத் தொடவே இல்ல" என்று ஒரு பொத்தானைத் தட்டினாள். தோழி, ஓலை, போர் எல்லாம் திரையில் வந்து நின்றன. இளவரசனும் உயிரோடுதான் இருந்தான்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. "அடிப்பாவி, இதைக் காலையிலேயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி சுவரைப் பார்த்தான். காவலாளிதான் வாயைத் திறந்தார்.

"சொல்லியிருந்தா வேலை முடிஞ்சு தம்பி அப்பவே கிளம்பியிருக்குமே. நீங்க எப்ப நடுவுலேருந்து எழுந்து போவீங்கன்னுதான் காலையிலேருந்து ரெண்டும் காத்துக் கிடக்குதுங்க."